மூடிய கலனுக்குள் சூடேறிய செம்பு

போன வாரம் உங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு நான் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "சூளையில் நூறு டிகிரி கூடிப்போனால் என்ன மேடம், செம்பு செம்புதானே?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது என்பதும், அதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை என்பதும் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலை சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் பொட்டல்காட்டில் இருந்தது. ஆமணக்கெண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கி மெழுகுபோல் விற்பார்கள். அந்த ஹைட்ரஜனையும் அங்கேயே தயாரித்தோம். பெட்ரோலியத்திலிருந்து வரும் நாப்தாவை உடைத்து எடுக்கும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு மிச்சமிருக்கும். அதோடு நீராவியைச் சேர்த்துச் செம்பு வினையூக்கியின் மேல் செலுத்தினால் இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜன் கிடைக்கும். அந்த வினையூக்கி இருந்த கலனைக் கன்வெர்ட்டர் என்போம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இரும்பு உருளை. உச்சியில் ஆள் இறங்கும் வாய், அதைச் சுற்றி ஒரு நடைமேடை, ஏற ஒரு இரும்பு ஏணி. கூரை கிடையாது.

வெளிநாட்டு வினையூக்கி நேரத்துக்கு வந்து சேராது என்பதால் நாங்களே செய்துகொண்டோம். அதுதான் என் வேலை. நான் ஜலகண்டாபுரத்துக்காரி. வீட்டில் அப்பாவும் அண்ணன்மாரும் தறியில் இருக்க, நான் மட்டும் சேலத்துக்குப் போய் வேதியியல் படித்தேன். அந்தத் தொழிற்சாலையில் நான் ஒருத்திதான் பெண்.

அலுமினா என்னும் பீங்கான் போன்ற பொருளாலான மாத்திரைகளைச் செம்பு நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, சூளையில் சுடுவோம். சூடு குறைந்தால் நைட்ரேட் முழுதாகப் போகாது. சூடு அளவோடு இருந்தால் கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களாகச் செம்பு பரவி நிற்கும், அதற்குத்தான் உயிர். சூடு மிஞ்சினால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். இன்னும் மிஞ்சினால் செம்பு அலுமினாவோடு கலந்து வேறொரு பொருளாகிவிடும். அதன்பிறகு என்ன செய்தாலும் அது திரும்பி வராது. இதில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அப்படிச் செத்துப்போன மாத்திரை பார்க்க நன்றாக இருக்கும். நல்ல மாத்திரையைவிடக் கெட்டியாகவும் இருக்கும்.

அப்படி ஒரு சூளை நிறைய மாத்திரைக்கு நான் கையெழுத்துப் போட்டேன். வெப்பம் அளக்கும் கம்பி நழுவிக் கதவுப் பக்கம் போயிருந்தது. அது குறைத்துக் காட்டியதை நம்பி நாங்கள் தீயைக் கூட்டியிருந்தோம். வெளியே எடுத்தபோது மாத்திரைகள் கறுப்பாக இல்லாமல் ஒரு மாதிரி தவிட்டு நிறம் கலந்திருந்தன. கையில் எடுத்து உடைத்துப் பார்த்தேன். கல்லாக இருந்தது. கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தேகம் வந்தது, அதை நான் தள்ளினேன். இதை எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அந்தச் சரக்கு கடைசியாகப் போனதால் கலனில் மேலடுக்காக நிரம்பியது.

நிரப்புவதற்கு முன் அந்தக் கலனில் ஒருவர் இறந்திருந்தார்.

அவர் பெயர் மாரப்பன். குழாயும் வால்வும் பூட்டிக் கழற்றும் பிட்டர். அடியில் இருக்கும் வலைத்தட்டைச் சரிசெய்யக் காலியான கலனுக்குள் இறங்கினார். நைட்ரஜன் வால்வு ஒன்று முழுதாக மூடாமல் கசிந்துகொண்டிருந்தது. நைட்ரஜனுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. நாம் விடும் மூச்சிலேயே பெரும்பகுதி அதுதான் என்பதால் உடம்பு அதை எதிரியாக நினைப்பதில்லை. திணறல் வராது. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு, அவ்வளவுதான். டார்ச் அடித்துப் பார்த்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. ஏதோ யோசனையில் இருப்பவர்போல இருந்தார். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. அதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மாரப்பனின் தம்பி கந்தசாமியும் எங்களிடம்தான் பிட்டர். அவருக்கும் குடும்பத்துக்கும் "மூச்சு முட்டிப் போச்சு" என்று சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. பதினாறு நாள் கழித்து அவர் வேலைக்கு வந்தார். யாரோடும் அதிகம் பேசவில்லை.

கலனை நிரப்பி ஓட்டினோம். மூன்று மாதத்தில் ஹைட்ரஜன் குறையத் தொடங்கியது. அந்தச் சமயத்தில்தான் அந்தப் பேச்சும் எழுந்தது. கன்வெர்ட்டருக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்கிறது என்றார்கள். சூடேறும்போதும் ஆறும்போதும் இரும்பு அப்படித்தான் சத்தம் போடும் என்று நான் சொன்னேன். "ஆமாங்க அம்மிணி" என்பார்கள். ஆனால் ஏணிப் பக்கம் தனியாகப் போக மாட்டார்கள்.

கடைசியில் கலனைத் திறந்து வினையூக்கியை மாற்றுவது என்று முடிவானது. இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். வேலைசெய்த செம்பு, காற்றுப் பட்டால் தானாகவே சூடேறும். துகள் சிறிதாக இருக்க இருக்க வெறி அதிகம். அதனால் வாயுவை நிறுத்தி, நைட்ரஜன் விட்டு, மெல்ல ஆறவைத்துத்தான் திறக்க வேண்டும். இரண்டு நாள் ஆறவைத்தோம்.

மூன்றாம் நாள், சித்திரை வெயில். எல்லா இயந்திரங்களும் நின்றிருந்தன. அந்த இடத்தில் நான் அதுவரை கேட்டிராத அமைதி. ரோட்டில் போகும் லாரிச் சத்தம்கூட எங்கோ தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர் சென்னியப்பன் மட்டும் இருந்தார். நான் உள்ளே போனபோது அவர் நாற்காலியில் உட்காராமல், மீட்டர்களுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அம்மிணி, இத கொஞ்சம் பாருங்க."

கலனுக்கு மூன்று வெப்பமானிகள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. மேலும் கீழும் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. நடுவில் அறுபத்தேழு.

"மீட்டர் கெட்டிருக்கும்" என்றேன்.

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். காலைல நாப்பத்தி ரெண்டு. பத்தரைக்கு அம்பது. இப்ப பாருங்க."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் எழுபதைத் தொட்டது. அடுப்பு இல்லை. வாயு இல்லை. கலனுக்குப் போகும் மின்சாரத்தைக்கூட நிறுத்தியிருந்தோம். மூன்று நாளாக அணைந்துகிடக்கும் இரும்புக்குள், சரியாக நடுவில், ஏதோ ஒன்று மட்டும் சூடேறிக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாரப்பன் சாஞ்சு உக்காந்திருந்தப்ப தலை இருந்த மட்டமுங்க அது."

நானும் ஒரு கணம் அதை நம்பினேன். படித்தவள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் உதவவில்லை. நான் வெளியே வந்தேன்.

வெயிலில் கன்வெர்ட்டர் நின்றிருந்தது. பக்கத்தில் போனதும் கேட்டது. டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, டக், டக். ஆள் தட்டுவதுபோலத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் ஓடிப்போக வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் கலனின் உடம்பில் கைவைத்துப் பார்க்கலாம் என்றும் தோன்றியது. ஏணியில் நாலு படி ஏறி, மேல்பகுதியில், நிழல் விழுந்த பக்கம் உள்ளங்கையை வைத்தேன். வெயில் சூடுதான். இறங்கி, என் மார்பு உயரத்தில் வைத்தேன். கையை உடனே எடுத்துக்கொண்டேன். அங்கே ஒரு பட்டையளவுக்குச் சுட்டது. அதற்குக் கீழே மறுபடி ஆறியிருந்தது.

அப்போது மேலேயிருந்து இன்னொரு சத்தம். இரும்போடு இரும்பு உரசும் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். நடைமேடையில் கந்தசாமி குந்தியிருந்தார். கையில் ஸ்பானர். கலன் வாயின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூடி ஒரு பக்கம் விரலளவு தூக்கியிருந்தது.

"கந்தசாமியண்ணா, என்ன பண்றீங்க?"

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். முகத்தில் பயமே இல்லை. எனக்கு அதுதான் அதிகப் பயத்தைத் தந்தது.

"கேக்குதுங்களா அம்மிணி? காலைலிருந்து அண்ணன் தட்டறானுங்க. மொதல்ல எப்பயாச்சும் ஒண்ணு. ரெண்டு போல்ட்ட லூஸ் பண்ணி உட்டனுங்க. உடவும் நெம்ப எச்சாத் தட்டறான். ஒடம்பெல்லாம் சூடா இருக்குது பாருங்க."

அவர் போல்ட்டைச் சொன்னதுமே எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. முதலில் கேட்டது வெறும் இரும்பு ஆறும் சத்தம். அதைக் கேட்டு அவர் போல்ட்டைத் தளர்த்தினார். கலனின் அடியிலிருந்து உயரமான புகைக்குழாய்க்கு ஒரு வழி திறந்திருந்தது. நைட்ரஜன் சிலிண்டர் எப்போதோ தீர்ந்திருந்தது, யாரும் மாற்றவில்லை. புகைக்குழாய் இழுக்க, தளர்ந்த மூடி வழியாகக் காற்று உள்ளே இறங்கியது. காற்றுப் பட்டுச் செம்பு சூடேறியது. சூடேறிய இடம் விரிய, இரும்பு இன்னும் அதிகமாகத் தட்டியது. அவர் இன்னும் ஒரு போல்ட்டைத் தளர்த்தினார்.

மேலடுக்கு ஏன் ஆறிக்கிடக்கிறது என்பதும் அதே கணத்தில் விளங்கியது. காற்று முதலில் படுவது அங்கேதான்; முதலில் சூடேற வேண்டியதும் அதுதான். ஏறவில்லை. ஏனென்றால் அது செத்த சரக்கு. நான் கையெழுத்துப் போட்ட சரக்கு. அதைத் தாண்டி, ஒழுங்காகச் சுட்ட அடுக்கைத் தொட்ட பிறகுதான் காற்று சூட்டை மூட்டியிருக்கிறது.

ஆனால் அதை நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. மூடியைத் திறந்தால் சூடு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. அவர் உள்ளே இறங்கினால், செம்பு தின்றுவிட்ட காற்றுதான் அங்கே இருக்கும். அண்ணன் போன வழியே தம்பியும் போவார்.

நான் ஏணியில் ஏறினேன். அதற்குள் மேனேஜர் ஓடி வந்துவிட்டார், சென்னியப்பன் கூப்பிட்டிருக்கிறார். கீழேயிருந்து கத்தினார்: "நூத்திப் பத்து ஆயிடுச்சு! பயர் ஹோஸ் எடுத்து உள்ள தண்ணி அடிங்க!"

"வேண்டாம் சார்" என்றேன். "மேல ஆள் இருக்கோம். உள்ள தண்ணி போனா ஆவியா இந்த வாய் வழியாத்தான் வரும். அடியில புகைக்குழாய் வால்வை மட்டும் மூடச் சொல்லுங்க. ஸ்டோர்ல சிலிண்டர் இருந்தா மாட்டச் சொல்லுங்க. வேற எதையும் தொடாதீங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர். பயந்தவருக்குக் கையில் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். ஓடினார்.

நான் கந்தசாமிக்கு எதிரே உட்கார்ந்தேன். இரும்பு மேடை சேலை வழியாகச் சுட்டது.

"அண்ணா, போல்ட்ட இறுக்குங்க."

"மறுக்காவும் அடைக்கச் சொல்றீங்களா?"

"ஆமா."

"மூச்சு முட்டித்தானுங்க செத்தான். காத்து உடலாம்னுதான் தொறக்கறன். நீங்க என்னமோ அடைங்கறீங்க." அவர் குரல் உயரவில்லை. என்னிடம் நியாயம் கேட்பதுபோல்தான் பேசினார். உள்ளே டக், டக் என்றது. எங்கள் காலுக்குக் கீழே மேடை அதிர்ந்தது.

செம்பு ஆக்சிஜனோடு சேரும் கதையையா சொல்வது? கடைசியில் யாரும் அவரிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"உள்ள உங்கண்ணன் இல்லைங்க. அவர் அன்னைக்கே போயிட்டாரு. நான் பார்த்தேன். இப்ப தட்டறது இரும்பு. நீங்க விட்ட காத்துதான் அதைச் சூடாக்குது. காத்த நிறுத்துனா சத்தம் குறையும். நான் சொல்றது பொய்யின்னா மறுபடி நீங்களே திறங்க. நான் தடுக்க மாட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "நின்னு போச்சுன்னா?"

"நின்னு போச்சுன்னா, அது அவர் இல்லைன்னு அர்த்தம்."

"இல்ல, மறுக்காவும் செத்துட்டான்னு அர்த்தமுங்களா?"

நான் அவர் கையிலிருந்த ஸ்பானரில் கைவைத்தேன். பிடுங்கவில்லை. கொஞ்ச நேரம் இருவர் கையும் அதில் இருந்தது. பிறகு அவரே குனிந்து முதல் போல்ட்டை இறுக்கினார். எதிர்ப் பக்கம் போய் அடுத்ததை. பழகிய கை, எந்த வரிசையில் இறுக்க வேண்டுமோ அந்த வரிசையில்தான் இறுக்கினார். முகத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வியர்வையா என்று நான் பார்க்கவில்லை.

கீழே சென்னியப்பன் கண்ட்ரோல் ரூம் வாசலில் நின்று எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். நூற்று நாற்பது. நூற்று அறுபத்தைந்து. மூடிய பிறகும் ஏறியது. உள்ளே மிச்சமிருந்த காற்று தீரும்வரை ஏறத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். "தண்ணி ரெடி!" என்று மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். "இருங்க சார்" என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், அந்தக் கால்மணி நேரம் எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததுதான். நூற்றுத் தொண்ணூறு. நூற்றுத் தொண்ணூற்று நாலு. முள் அங்கேயே நிற்கிறது என்று கையால் காட்டினார். பிறகு, "நூத்தித் தொண்ணூத்தி மூணுங்க" என்றார்.

தட்டுகிற சத்தம் இடைவெளி விட்டது. இன்னும் விட்டது. கந்தசாமி மூடியின் மேல் காதை வைத்துப் படுத்திருந்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு. நெடுநேரம் கழித்து இன்னொன்று. அதோடு நின்றது. நான் எதிர்பார்த்த அமைதிதான் அது. ஆனாலும் அந்த அமைதியில் என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

அவர் எழுந்திருக்காமலே பேசினார்.

"அன்னைக்கு நான் கீழதானுங்க இருந்தன். மூடிக்குக் கேஸ்கட் வெட்டிக்கிட்டு. உள்ளாரயிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டுது. வேல செய்யறான்னு இருந்துட்டன். அது என்னையக் கூப்பிட்டதுங்களா அம்மிணி?"

அது ஸ்பானர் கையிலிருந்து நழுவிய சத்தமாக இருக்கலாம். கூப்பிட்டதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது என்றேன். வலித்திருக்காது என்பது மட்டும் தெரியும், தூக்கம் வருவதுபோல்தான் இருந்திருக்கும் என்றேன். நைட்ரஜன் என்றால் என்ன, அது எப்படிக் கொல்லும் என்று அந்த மேடையிலேயே உட்கார்ந்து சொன்னேன். கலனை நிரப்புவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தத் தொழிற்சாலையில் ஆறு பேராவது இருந்தோம். விசாரணை, கடிதம் என்று எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். தவறாகச் சுட்ட சரக்கையும் என் கையெழுத்தையும் முதலில் எழுதினேன். தீர்ந்துபோன சிலிண்டரை எழுதினேன். போல்ட்டைத் தளர்த்தியதையும், ஏன் தளர்த்தினார் என்பதையும், அவரிடம் நாங்கள் சொல்லாமல் விட்டதையும் எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார். "கந்தசாமிய வேலையை விட்டு எடுக்கச் சொல்வாங்க" என்றார். "அப்ப கையெழுத்துப் போட்ட என்னையும் எடுக்கச் சொல்லுங்க சார்" என்றேன். வீரத்தில் சொல்லவில்லை. வேறு வழி தெரியவில்லை. இரண்டு பேரையும் எடுக்கவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம்.

ஒரு வாரம் கழித்து, நன்றாக ஆறிய பிறகு கலனைத் திறந்து மாத்திரைகளை ஈர மணலில் கொட்டினோம். மேலடுக்கு அப்படியே தவிட்டு நிறத்தில், தொட்டால் குளிர்ந்து கிடந்தது. கீழடுக்கில் காற்றுப் படாமல் செந்நிறமாக மிஞ்சியிருந்தவை மட்டும் எங்கள் கண்முன்னே கறுத்தன. மணலிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. நூறு டிகிரி கூடினால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் அந்த மணலில் இருந்தது.

அதன்பிறகு எந்தக் கலனைத் திறந்தாலும், உள்ளே போகிறவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு கலன் வாயருகே உட்கார்வது கந்தசாமிதான். அவராகவே ஒரு சட்டம் போட்டார். காற்றைச் சோதித்து, புதுக்காற்று ஊதிக்கொண்டே இருந்தாலும், உள்ளே போகிறவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் கயிற்றை இழுத்துவிடுவார். என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஊரைப் பற்றி, மழையைப் பற்றி, மாமியாரைப் பற்றி. மேனேஜர் அதைச் சட்டமாகவே எழுதி ஒட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து, புதிய வலைத்தட்டைப் பார்க்க நானே உள்ளே இறங்கினேன். மேலே வட்டமாக வானம், அதில் அவர் தலை.

"ஊட்டுல இன்னிக்கு என்னங்க கொழம்பு?"

"புளிக்குழம்பு."

"தறி எத்தன ஓடுதுங்க இப்ப?"

"நாலு. அண்ணன் இன்னொன்னு போடணும்னு..."

வலையின் ஓரத்தில் ஒரு வெல்டிங் பிளவு கண்ணில் பட்டது. குனிந்து விரலால் தடவினேன். அவ்வளவுதான். இடுப்பில் கயிறு இறுகி, என் கால் தட்டைவிட்டு மேலே எழும்பிவிட்டது.